கூப்பிடு தூரம்

சர்வீஸ் சென்டருக்கு வந்தால் மட்டும் கை தங்கமான பிள்ளையாகிவிடும்.

தாரணி அந்தக் கண்ணாடி மேசைக்கு முன்னால் மறுபடியும் வந்து உட்கார்ந்திருந்தாள். வலது முழங்கைக்குக் கீழே மாட்டியிருந்த கறுப்புக் கை, எதிரே இருந்த பையன் சொன்னதையெல்லாம் செய்தது. பேனாவை எடுத்தது. ஒற்றை நெல்மணியைக் கிள்ளிக் காட்டியது. முட்டையைப் பிடித்தது, உடைக்கவில்லை.

"ஒரு குறையும் இல்லீங்களேக்கா" என்றான் பிரகதீஷ். நல்ல பையன்தான். எல்லாரையும்போல எட்டிப் பார்த்துவிட்டு அனுப்பாமல் ஒவ்வொரு தடவையும் முழுசாகச் சோதித்துப் பார்ப்பான்.

"இங்க வந்தா அப்படித்தானுங் தம்பி நடிக்குது. ஷெட்டுக்குள்ள கால வெச்சாப் போதும், பேய் புடிச்சுக்கும்."

"வீட்ல?"

"வீட்லயும் நல்லாத்தான் இருக்குது. பிள்ளைக்குச் சடை பின்னுறேன், பூண்டு உரிக்கிறேன். ஷெட்டுல மட்டும் தகட்ட வெக்கறப்ப நடுங்குது. சில நேரம் வெடுக்குன்னு பின்னால இழுத்துக்குது. தகடு கீழ விழுந்து போகுதுங்."

"போனத் தள்ளி வெச்சுப் பாத்தீங்களா?"

"லாக்கர்ல பூட்டி வெச்சுப் பாத்தாச்சு."

"காதுமூடி? அதுவும் ப்ளூடூத்துதானுங்க்கா. ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும்."

"அதையும் ஆஃப் பண்ணியாச்சு. கூட வேலை பாக்கற ஷம்ஷாத்து, பல்லுல கட்டுன கம்பியக் கழட்டட்டுமான்னு கேக்கறா."

பிரகதீஷ் சிரித்தான். பிறகு, சொல்லக் கூடாததைச் சொல்கிறவன் மாதிரி குரலைத் தாழ்த்தினான். "அப்ப மிச்சம் ஒண்ணுதான். எல்லாத்தையும் அழிச்சுட்டு மொதல்ல இருந்து இணைக்கணும்."

அது மட்டும் வேண்டாம் என்றுதான் அவள் இத்தனை தடவை வந்துகொண்டிருந்தாள். அழித்தால் கை பச்சைக் குழந்தையாகிவிடும். தம்ளர் பிடிக்கவே மாசக்கணக்கில் பழக்க வேண்டும். பழகாத கையைத் தகடு அடிக்கிற பிரஸ் மிஷினுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். சூப்பர்வைசர் கந்தவேல் ஏற்கெனவே சொல்லிவிட்டார்: திங்கட்கிழமைக்குள் கை சரியாக வேண்டும், இல்லையென்றால் மிஷினும் கிடையாது, கையும் கிடையாது. வேலையில் இருக்கிறவரைதான் கம்பெனிக் கை. வேலை போனால் கழற்றி வாங்கிக்கொள்வார்கள்.

கழற்ற முடியாத பாகம் ஒன்றுதான். முழங்கைச் சதைக்குள் நெல்லளவில் பதித்திருக்கும் சில்லு. டாக்டர்கள் அதற்கு வாயில் நுழையாத பேர் வைத்திருந்தார்கள். ஷெட்டில் எல்லாருக்கும் அது விதை. விதை சொன்னால் கை அசையும். கை எதையாவது தொட்டால் அந்தச் சூடும் குளிரும் அழுத்தமும் விதை வழியாக உடம்புக்குத் தெரியும். நடுவில் கம்பி கிடையாது, காற்றில் பேசிக்கொள்ளும்.

"தம்பி, ஒரு தடவ ஷெட்டுக்கு வந்து பாருங்க. உங்க கண்ணால பாத்துட்டு, அப்புறம் அழிக்கறதுன்னா அழிங்க."

பிரகதீஷ் நெற்றியைத் தேய்த்தான். "நாளைக்கு மத்தியானம் வாரேன். ஆபீஸ்ல சொல்லீராதீங்க."

*

கணபதி ஏரியாவில் அந்த ஷெட்டுக்கு வெளியே நின்றாலே தரை அதிரும். உள்ளே பதினைந்து பிரஸ்கள். மோட்டார் பம்புக்கு மூடி அடிக்கிற வேலை. பத்து விரலோடு வேலைக்கு வந்து பத்து விரலோடு வீட்டுக்குப் போன ஆட்களைப் பற்றி அங்கே கதைபோலப் பேசிக்கொள்வார்கள். தாரணியின் கையும் இங்கேதான் போனது. போன அன்று அவளை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன வண்டி திரும்பி வருவதற்குள் அந்த மிஷினைக் கழுவி ஓட்டியிருந்தார்கள். இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஆர்டர் நிற்காது.

இப்போது அவள் நிற்பது பின்சுவரை ஒட்டிய எட்டாம் நம்பர். அகலத் தகடு. தாரணி தகட்டை அச்சில் வைப்பாள், மறுபக்கம் ஷம்ஷாத் பெடலை மிதிப்பாள். தகடு மறைப்பதால் ஒருத்தி கையை மற்றவள் பார்க்க முடியாது. அதற்காகத்தான் நடுவில் ஒளிக்கதிர் பூட்டியிருந்தது. கை உள்ளே இருந்தால் பெடல் வேலை செய்யாது.

சனிக்கிழமை சாப்பாட்டு நேரம். மற்ற மிஷின்கள் நின்றிருந்தன. பிரகதீஷ் டேப்லெட்டோடு வந்தபோது ஷம்ஷாத் கந்தவேலிடம் சண்டை பிடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் ஒரு தடவதான் மிதிச்சேன் சார். ரெண்டாவது அடி தானா விழுந்துச்சு. எம் பிள்ள மேல சத்தியமா."

"மிஷினுக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? கால ஆட்டிக்கிட்டே இருந்தா அப்படித்தான் விழும்" என்றார் கந்தவேல். பிரகதீஷைப் பார்த்ததும் அவனிடம் திரும்பினார். "வாங்க தம்பி. இவ கை உதறுது, அவ கால் உதறுது. ரெண்டு பேரையும் வெச்சுக்கிட்டு நான் படற பாடு இருக்குதே. கைய மட்டுமாச்சும் சரி பண்ணிக் குடுங்க."

அவர் சாப்பிடப் போனார். பிரகதீஷ் காதுமூடியைக் கழற்றச் சொல்லி, எட்டாம் நம்பரை மட்டும் ஓட்டச் சொன்னான்.

தாரணி தகட்டை வைத்தாள். கையை வெளியே எடுத்தாள். கறுப்பு விரல்கள் மிஷின் மேடையின் விளிம்பில் விழுந்தன. டொக் டொக்.

"பாத்தீங்களா தம்பி, நடுங்குது."

ஷம்ஷாத் பெடலை மிதித்தாள். மூடி விழுந்தது. அடுத்த தகடு. மறுபடி டொக் டொக்.

"கதவத் தட்டறாப்பா இவ" என்று சிரித்தாள் ஷம்ஷாத். "உள்ள யாரும் இல்லடி."

தாரணி சிரிக்கவில்லை. இத்தனை நாளும் காதுமூடியும் பதினைந்து பிரஸ்களின் சத்தமும் சேர்ந்து அமுக்கிவைத்திருந்ததை அவள் இப்போதுதான் காதால் கேட்டாள். இரண்டே தட்டு. எப்போதும் கை வெளியே வந்த பிறகு.

"இது நடுக்கமில்ல" என்றாள் மெதுவாக. "இது தட்டு."

"என்னதுங்க்கா?"

"ஒளிக்கதிர் மாட்டறதுக்கு முன்னாடி இங்க எல்லாரும் தட்டுவோம் தம்பி. தகட்ட வெச்சு, கைய எடுத்து, மேடையில ரெண்டு தட்டு. கை வெளிய வந்துருச்சு, நீ மிதிக்கலாம்னு அர்த்தம். அப்புறம் நேரம் வீணாகுது, தட்டக்கூடாதுன்னுட்டாங்க. நான் தட்டறத விட்டு எத்தனையோ காலமாச்சு. இது நான் தட்டறதில்ல."

பிரகதீஷ் டேப்லெட்டைத் தேய்த்தான். முகம் மாறியது. எழுந்து மிஷினைச் சுற்றி வந்து, பின்சுவர்ப் பக்கம் நின்று, திரையை அவளிடம் நீட்டினான். அதில் இரண்டு பச்சைப் புள்ளிகள்.

"ரெண்டு விதைங்க்கா. ஒண்ணு உங்களோடது. இன்னொண்ணு சுவத்துக்கு அந்தப் பக்கம் இருந்து பேசுது. உங்க காதுமூடி சில நேரம் உங்க வீட்டுக்காரர் போன்ல போயி ஒட்டிக்குமே, அந்த மாதிரி. கிட்டத்துல வந்தா, பழகுன ஆள்கிட்டத்தான் கை மொதல்ல திரும்பும்."

"எனக்கு முன்னாடி பழகுன ஆளா? கை புதுசுன்னு சொல்லித்தானே மாட்டுனாங்க?"

பிரகதீஷ் ஷெட்டைச் சுற்றி ஒருமுறை பார்த்துக்கொண்டான். "புதுக் கை பழக ஆறு மாசம் ஆகுமுங்க. நீங்க எத்தன நாள்ல மிஷினுக்கு வந்தீங்க?"

"ஒரே வாரத்துல. கெட்டிக்காரின்னு கேக்கு வெட்டினாங்க."

"திரும்பி வாங்கற கைய அழிச்சுட்டுத்தான் அடுத்த ஆளுக்குக் குடுக்கோணும்னு விதி. அழிக்காமக் குடுத்தா, வேலை தெரிஞ்ச கையா வரும். கம்பெனிகளுக்கு அதுதான் புடிச்சிருக்குது. எங்காளுங்களும் கண்டுக்கறதில்ல." அவன் குரல் இறங்கியது. "எனக்குத் தெரியுமுங்க்கா. ஆனா இந்தக் கை அப்படின்னு தெரியாது."

தாரணி தன் கையைப் பார்த்தாள். மகளுக்குச் சடை பின்னிய கை. யாரோ கழற்றிப் போட்ட சட்டையை இத்தனை நாளும் தன்னுடையது என்று போட்டுக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

"எவ்வளவு தூரத்துல இருக்கான் அந்த ஆளு?"

"கூப்பிடு தூரம்தானுங்க."

*

பின்சந்தில் சாக்கடையைத் தாண்டினால் கழிவுப் பஞ்சு குடோன். திரையில் இரண்டாவது புள்ளி பெரிதாகிக்கொண்டே வந்தது. ஷம்ஷாத்தும் கூடவே வந்தாள், வேண்டாம் என்றால் கேட்கிறவளா அவள்.

ஷெட்டின் பின்சுவரை ஒட்டி, பஞ்சுப் பொதிமேல் ஒரு ஆள் உட்கார்ந்திருந்தான். காக்கிச் சட்டை, வயசு முப்பதைத் தாண்டியிருக்கும். வலது சட்டைக்கை முழங்கையோடு மடித்துப் பின் குத்தியிருந்தது. இவர்களைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டான். இடது கை மார்புக்கு வந்தது. வலது குறைக்கையும் வந்தது.

தாரணியின் கறுப்புக் கை தானாக விரிந்து, அந்தக் கும்பிடின் மறுபாதியாக நிமிர்ந்தது.

மூன்று பேரும் அதைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான். கும்பிட்ட கையை இறக்கவே மறந்து நின்றான்.

"யா அல்லா" என்றாள் ஷம்ஷாத்.

அவன் பேர் தபன். அப்பா அம்மா ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். இவன் பிறந்தது கணபதியில், பேச்சும் கணபதிப் பேச்சு. அதே ஷெட்டில், அதே எட்டாம் நம்பரில் ராத்திரி ஷிப்ட் மட்டும் பார்த்தவன்; பகல் ஆட்களான தாரணிக்கும் ஷம்ஷாத்துக்கும் அவன் முகம் தெரியாது. தட்டக்கூடாது என்று சொன்ன முதல் மாசத்திலேயே கை போனது. கம்பெனிக் கை வந்தது. வந்த பிறகு அவன் தகடு வைத்துவிட்டுத் தட்டாமல் மிதிக்க விடுவதில்லை என்று பிடிவாதமாக நின்றான். மற்றவர்கள் நூறு மூடி அடிக்கிற நேரத்தில் அவன் எண்பதுதான் அடித்தான். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். கையை வாங்கிக்கொண்டார்கள். விதை உள்ளேயே இருந்தது.

"கை இருக்கற மாதிரியே தெரியும், அது சகஜம்னு டாக்டர் சொன்னாருங்க" என்றான் தபன். "எல்லாருக்கும் போகப் போகக் கொறையுமாம். எனக்கு இந்தக் குடோனுக்கு வேலைக்கு வந்ததுல இருந்து சாஸ்தியாயிருச்சு. பைத்தியம் புடிச்சுப்போச்சுன்னு நெனச்சு ஊட்ல கூடச் சொல்லலைங்க."

"என்ன தெரியும்?" என்றாள் தாரணி.

"தகடு தெரியும். வெச்சு எடுத்தாப்ல இருந்தா, பழக்கத்துல இல்லாத கையால ரெண்டு தட்டிருவேன். எண்ணெய் வழவழன்னு தெரியும். பதினோரு மணி வாக்குல சூடா ஒரு தம்ளர்." அவன் தயங்கினான். "ஆயுத பூசை அன்னிக்கு ஒரு சின்னக் கை. மிட்டாய் தின்ன கை போல, பிசுபிசுன்னு இருந்துச்சு."

அவள் மகள். பூஜைக்கு ஷெட்டுக்குக் கூட்டி வந்திருந்தாள். கூட்டத்தில் தொலைந்துவிடாமல் அந்தக் கையால்தான் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தாரணிக்குக் காதுவரை சூடு ஏறியது. "நான் தொட்டதையெல்லாம் நீ தொட்டுக்கிட்டு இருந்திருக்க. எம் பிள்ளை கையையும்."

"தெரிஞ்சு செய்யலைங்கக்கா."

"அக்காவாம். உனக்கு நான் அக்காவா?"

தபன் தலை குனிந்தபடி நின்றான். திட்டு வாங்கிப் பழகிய ஆள் நிற்கிற நிற்பு அது. அந்த நிற்பு அவளுக்குத் தெரியும். அவளும் கந்தவேல் முன்னால் அப்படித்தான் நிற்பாள்.

பிரகதீஷ்தான் இடையில் புகுந்தான். "அண்ணா, தட்டறது சரிங்க. வெடுக்குன்னு பின்னால இழுக்கறீங்களே, அது எதுக்கு?"

"இழுக்கறேனா?" தபன் யோசித்தான். "ஓ... அந்தச் சத்தம் வர்றப்பங்களா? எட்டாம் நம்பர் முதுகு இந்தச் சுவத்துலதான் இருக்குது. பன்னண்டு வருசம் அதுகூட வேலை பாத்தவன், உக்காந்தா காது அங்கதான் போகும். கொஞ்ச நாளா உள்ள ‘க்ளக்'னு ஒரு சத்தம். அடிய விட்டுப் புடிக்கற இரும்புத் துண்டு, கிளட்ச்சுச் சாவி, அது வழுக்குதுங்க. அது வழுக்குனா பெடல மிதிக்காமயே ரெண்டாவது அடி விழும். என் கைய எடுத்தது அந்தச் சத்தம்தான். அதக் கேட்டா உடம்பே வெலவெலத்துப் போயி, இல்லாத கையப் பின்னால இழுத்துக்குவேன்."

ஷம்ஷாத்தின் வாய் திறந்தபடி இருந்தது.

"நான் ஒரு தடவதான் மிதிச்சேன்னு சொன்னேன்ல?" என்றாள். அவள் கண் கலங்கிவிட்டது. "ஒருத்தரும் நம்பலையே."

தாரணி நினைத்துப் பார்த்தாள். புதன்கிழமை கை வெடுக்கென்று இழுத்தது. தகடு விழுந்தது. கந்தவேல் கத்தினார். அந்தக் கத்தலுக்கு நடுவில்தான் வெறும் அச்சின்மேல் இரண்டாவது அடி விழுந்தது. பெடல் இல்லாமல் விழும் அடிக்கு ஒளிக்கதிராவது ஒன்றாவது. கை உள்ளே இருந்திருந்தால்? தகட்டை நேராக்க இடது கையையும் கூடவே நீட்டுகிறவள் அவள். கறுப்புக் கை பின்னால் இழுத்தபோது உடம்பும் சேர்ந்து பின்னால் போயிருந்தது.

இடது கையை மடித்து மார்போடு வைத்துக்கொண்டாள்.

"கனெக்‌ஷன்ல கோளாறு இல்லீங்க்கா" என்றான் பிரகதீஷ். "மிஷின்ல."

*

கந்தவேல் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "பஞ்சு குடோன் வாட்ச்மேன் சுவத்துக்கு அந்தப் பக்கம் உக்காந்து என் மிஷினுக்கு வைத்தியம் பாக்கறானா?" என்றார்.

ஷம்ஷாத் பெடலுக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, காலைத் தூக்கி ஸ்டூல்மேலேயே சம்மணம் போட்டுக்கொண்டாள். "கழட்டிப் பாருங்க சார். பாக்கற வரைக்கும் இந்தக் கால் எறங்காது."

சாப்பிட்டு வந்த மற்றவர்கள் அவரவர் மிஷினைப் போடாமல் நின்றார்கள். வேலைநிறுத்தம் என்றெல்லாம் யாரும் சொல்லவில்லை. சும்மா நின்றார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு கந்தவேல் ஃபிட்டரைக் கூப்பிட்டார்.

சாவியைக் கழற்றி எடுத்தபோது அதன் முனை கிழவன் கடைவாய்ப் பல்போலத் தேய்ந்திருந்தது. கந்தவேல் அதை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அந்தக் கையில் மோதிர விரல் பாதிதான் இருந்தது. அவரும் ஒரு காலத்தில் தகடு வைத்தவர்தான். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"கைய அழிச்சாத்தான் சரியாகுமா?" என்று கேட்டார்.

"ஆமாங்க சார்" என்றான் பிரகதீஷ். "அழிக்காமக் குடுத்தது தப்புன்னு நானே எழுதி மேல அனுப்பறேன். என் வேலைக்கு என்ன ஆகுமோ தெரியாது."

"எழுது. நானும் கையெழுத்துப் போடறேன்." தாரணியைப் பார்க்காமலே சொன்னார்: "பழகற வரைக்கும் எட்டாம் நம்பருக்கு வேற ஆள் போட மாட்டேன். மெதுவா ஓட்டு."

அவர் வாயிலிருந்து ‘மெதுவா' என்ற சொல் வந்ததை அன்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

மறுபடி குடோனுக்குப் போனார்கள். தபனுக்கு விஷயத்தைச் சொன்னபோது உடனே தலையாட்டினான்.

"அழிச்சுருங்க. ஒரு கைக்கு ரெண்டு பேரு ஆகாதுங்க. நான் ஒரு நாள் தூக்கத்துல கைய நீட்டித் தொலைச்சன்னா அவங்க கதி என்ன?"

"நீங்க பழக்குனத மட்டும் நான் தனியாப் பதிஞ்சு வெச்சுக்கறேன்" என்றான் பிரகதீஷ். "விதை உங்க உடம்புல இருக்கற வரைக்கும் ஒரு கை கேக்க உங்களுக்கு உரிமை இருக்குதுங்கண்ணா. எத்தன நாளாகும்னு சொல்ல முடியாது. வந்தா, பழகின கையா வரும். உங்களுக்குப் பழகின கையா."

தபன் அந்தக் கறுப்புக் கையைப் பார்த்தான். "அதுக்கு முன்னாடி ஒரு தடவ..." என்று ஆரம்பித்து, கூச்சப்பட்டு நிறுத்திவிட்டான்.

தாரணிக்குப் புரிந்தது. தோளைத் தளர்த்தி, கறுப்புக் கையை அவனுக்கு முன்னால் நீட்டினாள். தான் ஒன்றும் செய்யாமல், விரலை மறந்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தபன் தன் இடது கையை நீட்டினான். கறுப்பு விரல்கள் மெதுவாக மடங்கி அதைப் பிடித்தன. தன் வலது கையால் தன் இடது கையைப் பிடித்துக்கொண்டு அந்த ஆள் நின்றான். கொஞ்சம் அழுத்தினான். விட்டான். மறுபடி அழுத்தினான்.

"இடது கை காச்சுப் போச்சு" என்றான், வேறு யாருடையதையோ சொல்வதுபோல. "எல்லாத்தையும் இதுவே செஞ்சு."

"போதுங்களா தம்பி?" என்றாள் தாரணி. அவனைத் தம்பி என்று கூப்பிட்டதை அவள் கவனிக்கவில்லை. ஷம்ஷாத் கவனித்தாள்.

"போதுங்கக்கா."

பிரகதீஷ் திரையை அழுத்தினான். ஒரு புள்ளி அணைந்தது. தாரணியின் விரல்கள் செத்த பூச்சியின் கால்போலச் சுருண்டன.

*

திங்கட்கிழமை காலை. மற்ற மிஷின்கள் இன்னும் ஓடவில்லை. எட்டாம் நம்பரில் புதுச் சாவி போட்டிருந்தார்கள்.

தாரணி இரண்டு நாளாக அந்தக் கையோடு மல்லுக்கட்டியிருந்தாள். தம்ளரை நசுக்கியது. சடை பின்னப் போய் மகளின் ரிப்பனோடு சிக்கிக்கொண்டது. "இந்தக் கைக்கு ஒண்ணுமே தெரியலம்மா" என்று மகள் சிரித்தாள். தகட்டைப் பிடிக்க இன்னும் மாசக்கணக்காகும். அதனால் இன்று இடது கையால் தகட்டை வைத்தாள். ஒன்றே ஒன்று. எடுத்தாள்.

பிறகு கறுப்புக் கையை மேடை விளிம்பின்மேல் கொண்டுபோனாள். பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தாள். விரல்கள் மேடையில் ஒருதரம் இடறின. தூக்கினாள், மறுபடி நினைத்தாள். வியர்த்துவிட்டது.

டொக் டொக்.

கோணல்மாணலாகத்தான் விழுந்தது. ஆனால் இந்தத் தடவை அவளே தட்டினாள். மறுபடி பிறந்த அந்தக் கறுப்புக் கை கற்றுக்கொண்ட முதல் வேலை அது.

ஷம்ஷாத் பெடலை மிதிக்கக் காலைத் தூக்கினாள். தூக்கிய கால் அப்படியே நின்றது.

பின்சுவரின் அந்தப் பக்கத்திலிருந்து, காய்த்துப்போன ஒரு கை செங்கல்லில் பதில் சொன்னது. இரண்டே தட்டு.

"இப்ப மிதி" என்றாள் தாரணி.